பெங்களூரின் குடிநீரும் டெல்டாவின் கிணற்று நீரும்

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்ற கேள்வி டெல்டா கிராமங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. அதே காவிரியை நம்பித்தான் பெங்களூரு நகரமும் இருக்கிறது. இந்த நகரத்துக்கு ஆற்றில் எவ்வளவு உரிமை, அது யார் பங்கிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், மேட்டூருக்கு வரும் தண்ணீரின் கணக்கும் விளங்கும்.

பெங்களூரு காவிரிக் கரையில் இல்லை. மண்டியா மாவட்டத்தில் ஆற்று நீரை எடுத்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். முதல் கட்டத் திட்டம் 1974-ல் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஆண்டுக் கணக்கில் இது சுமார் 10 டி.எம்.சி.

பங்கு பிரித்த விதம்

காவிரி உரிமைக்கு 1892, 1924-ம் ஆண்டு ஒப்பந்தங்கள் அடிப்படை. தகராறு முற்றியபின் 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் வந்த இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி.யில் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது, தேவையில் பாதியை நிலத்தடி நீரால் சமாளிக்கலாம் என்று மன்றம் கருதியது. அதனால் நகரத்தின் கணக்கு மிகச் சிறியதாக இருந்தது.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. குடிநீருக்கே முதலிடம் என்று சொல்லி, பெங்களூருக்காக 4.75 டி.எம்.சி. கூட்டியது. தமிழக டெல்டாவில் நிலத்தடி நீர் இருப்பதால் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்து, அதையும் கர்நாடகத்துக்குத் தந்தது. மொத்தம் 14.75 டி.எம்.சி. தமிழகத்தின் பங்கு 404.25 ஆனது. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது.

நெல்லுக்கு வயலில் நாலடித் தண்ணீர் தேவை என்று வைத்தால், 4.75 டி.எம்.சி. சுமார் 27,000 ஏக்கருக்குப் பாயும். வாய்க்கால் சேதாரத்தைக் கழித்தால் பரப்பு இன்னும் குறையும்.

திரும்பி வராத கழிவுநீர்

குடிநீருக்கு எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே செலவு, மீதி கழிவுநீராக ஆற்றுக்குத் திரும்பும் என்பது தீர்ப்பின் கணக்கு. ஆனால் பெங்களூரின் பெரும்பகுதிக் கழிவுநீர் தென்பெண்ணைப் பக்கம் ஓடுகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காவிரிக்குத் திரும்புவதாகக் கணக்கில் காட்டிய நீரில் பெரும்பகுதி காவிரிக்கு வருவதில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியது

இந்தப் பங்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று நீதிமன்றம் சொன்னது. 2033-க்குப் பிறகு மறுபடி பேச்சு எழலாம். அப்போது டெல்டாவின் நிலத்தடி நீரும் பேசப்படும். கடலோரத்தில் உப்பேறிய கிணறுகள் எத்தனை என்பதை விவசாயிகளின் பதிவுகளே காட்ட முடியும்.

* கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் அளந்து நோட்டில் எழுதி வரலாம்.
* கோடையிலும் அறுவடைக்குப் பிறகும் பாசன நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவு குறித்த அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும்.
* கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாள், நின்ற நாள் இரண்டையும் பாசனச் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்றலாம்.

ஒரு கிணற்றின் குறிப்பு மட்டும் பெரிய சான்றாகாது. ஊருக்குப் பத்துக் கிணறு, பத்து ஆண்டு என்று சேர்ந்தால், நிலத்தடி நீரைக் காட்டி மேலும் பங்கு குறைக்கும் பேச்சுக்குப் பதில் சொல்ல விவசாயிகளிடம் ஆதாரம் இருக்கும்.