சமையலறை ஒயரிங்: வளையமா, கிளையா?

டெல்லியில் வீட்டைப் புதுப்பிக்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் ஒயரிங் பற்றி யோசனை கேட்பதுண்டு. அண்மையில் ஓர் அன்பர், "லண்டனில் என் மகன் வீட்டுச் சமையலறையில் ரிங் சர்க்யூட் போட்டிருக்கிறார்கள். அதுதான் உயர்ந்தது என்கிறான். இங்கும் அப்படியே போடச் சொல்லலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். காரணம் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இருப்பது ரேடியல் முறை. மெயின் போர்டில் ஓர் எம்.சி.பி.யிலிருந்து புறப்படும் ஒயர், ஒன்றிரண்டு பாயிண்ட்டுகளைத் தொட்டுவிட்டு, மரக்கிளை போல அங்கேயே முடிந்துவிடும். ரிங் முறையில் ஒயர் எல்லாப் பாயிண்ட்டுகளையும் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட எம்.சி.பி.க்கே திரும்பி வந்து சேரும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் வருவதால், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரிலேயே 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிடுகிறார்கள்.

இது போர்க்கால பிரிட்டனில் பிறந்த யோசனை. போர் முடிந்ததும் ஏராளமான வீடுகள் கட்ட வேண்டும், செம்புக்கோ தட்டுப்பாடு. 1942-ல் அமைந்த ஒரு குழு இதை ஆராய்ந்து 1944-ல் அறிக்கை தந்தது. 1947-ல் செவ்வக முள் பிளக்குக்கான தரம் வெளிவந்தது. அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஃபியூஸ் உண்டு: மேஜை விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13 ஆம்பியர் என்று. ரிங் முறையின் உயிரே அந்த ஃபியூஸில்தான் இருக்கிறது.

நம் உருண்டை முள் பிளக், அதற்கு முன் பிரிட்டனில் இருந்த பழைய வகையின் வாரிசு. அவர்கள் அதைக் கைவிட்டார்கள், நாம் விடவில்லை! இதில் ஃபியூஸ் கிடையாது. ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பையும் 1500 வாட் கெட்டிலையும் சேர்த்து மாட்டினால் 15 ஆம்பியர் ஓடும். பின்னால் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஒயர்தான் சூடாகி இளகும்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு அதிகக் கவலை இதில்தான். கிளையில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் அதற்கு அப்பால் எதுவும் வேலை செய்யாது; உடனே ஆளைக் கூப்பிடுவோம். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும். இருவர் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரே ஒயர் சுமந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் கருவி வைத்து வளையம் முழுமையா என்று சோதிக்கிறார்கள். இங்கே டெஸ்டரில் விளக்கு எரிந்தால் மிஸ்திரியின் சோதனை முடிந்தது. போதாததற்கு, டெல்லியின் மே மாத வெயிலில் ஒயரின் தாங்கும் திறன் இன்னும் குறையும்.

ஆகவே கிளைதான். ஆனால் ஒரே கிளை போதாது. அடுப்பு, கெட்டில் இரண்டோடு மைக்ரோவேவும் சேர்ந்தால் 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். மிக்ஸியும் கிரைண்டரும் அதிகம் இழுப்பதில்லை. இரண்டுக்கும் ஒரு லைன் போதும். இண்டக்ஷனுக்கு ஒன்று, மைக்ரோவேவுக்கு ஒன்று, கெட்டிலுக்கு ஒன்று, ஃபிரிஜ்ஜுக்கு ஒன்று: ஒவ்வொன்றும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. ஃபிரிஜ்ஜைப் பிரித்து வைத்தால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது மற்றவற்றை இறக்கிவிட்டு அதை மட்டும் ஓடவிடலாம். மிஸ்திரி செலவைக் குறைப்பதாகச் சொல்லி, விளக்கு லைனிலிருந்து லூப் எடுக்கப் பார்ப்பார். "அலக் லைன்" என்ற இரண்டு சொல்லில் உறுதியாக நில்லுங்கள்.

மாவு ஆட்டிய ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடும் வீடு நம்முடையது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் சுவரை உடைக்க முடியாது. அவர்கள் அடுப்பையும் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போடாமல் இருந்தால் போதும். காப்பிக்குப் பால் பொங்கிய பிறகு வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.