சாவி கையில் இருக்கு... கதவைத் தட்ட ஆளில்லே!

"டாக்டரய்யா, பொறந்ததுலேர்ந்து கூவம் கரையிலே குடிசைதான். இப்ப எங்க பேர்ல வீடு ஒதுக்கியிருக்காங்க. ஆனா, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லே."

பெரும்பாக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நாடி பார்த்தேன். வாதம் மிகுந்திருந்தது. பசியில்லை, மலச்சிக்கல், நெஞ்சுப் படபடப்பு. ரத்த அழுத்தமும் கூடுதல்.

"சொந்த வீடு வந்தாச்சே, இன்னும் என்னம்மா கவலை?" என்றேன். என் கேள்விதான் தப்பு!

அவருக்கு இழுப்பு உண்டு. பழைய இடத்தில் ராத்திரி மூச்சு வாங்கினால் தகரத் தடுப்பைத் தட்டுவாராம். மூன்று வீட்டார் எழுந்து வருவார்கள். ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் காசு கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றியபோது, அந்த மூன்று வீடும் ஆளுக்கொரு பிளாக்கில் போய்விட்டன. "எதிர்வீட்டுக்காரங்க பேரே தெரியாது. அவங்க விடியறதுக்கு முன்னே வீட்டு வேலைக்குப் போனா, இருட்டினப்புறம்தான் வர்றாங்க."

சொந்த வீட்டை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம் போவதே பாதி வைத்தியம். ஒரே இடத்தில் நிலைத்து இருந்தால்தான் பழக்கமும் வளரும். 2000-ல் உருவான கண்ணகி நகரில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று ஊரே உறவு. ஆனால், அதற்கு ஒரு தலைமுறை பிடித்திருக்கிறதே! அதுவரை மூச்சுத் திணறுகிறவர் யாரைக் கூப்பிடுவார்?

உறவு என்பது வெறும் மனசு சமாசாரம் இல்லை. 2010-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 148 ஆய்வுகளை, அதாவது 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் பலமாக உள்ளவர்களுக்கு உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகமாம்.

அந்த அம்மாளுக்கு ராத்திரி பாலில் அமுக்கரா சூரணம் கொடுத்தேன். பிரஷர் மாத்திரையையும் இழுப்புக்கான மருந்தையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். (சித்த மருந்து சாப்பிட்டால் அதை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ரொம்பப் பேர்!) "ஞாயித்துக்கிழமை ரசம் வெச்சா, ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குக் கொண்டு போங்க. அவங்க பேரைக் கேட்டுக்கிட்டுத்தான் அடுத்த தடவை வரணும்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். இப்போது நாலு மணி நேரம் தூங்குகிறாராம். படபடப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. கூடவே இன்னொரு அம்மாள் வந்திருந்தார்.

"இவங்கதான் எதிர்வீடு. முட்டி வலியாம், கொஞ்சம் பாருங்கய்யா!"