வானம் தோண்டுமுன்: காயல் கரையின் மண்ணடிச் சான்றுகள்

பழமையான ஊரொன்றில் புதிய கட்டடத்திற்கு வானம் தோண்டுவோர் மண்ணை அகற்றுவதாகவே எண்ணுகின்றனர். தாமிரபரணி கடலோடு கலக்கும் தூத்துக்குடிக் கரையில் அவ்வாறு அகற்றப்படுவது பெரும்பாலும் வரலாறாகவே இருக்கின்றது.

பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை, இன்று கடலுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் உள்ளே நிற்கும் சிற்றூர். ஆற்று வண்டல் துறையைத் தூர்த்துவிட, வணிகம் பழைய காயலுக்குப் பெயர்ந்தது. அத்துறையும் தூர்ந்த பின்னரே தூத்துக்குடி மேலெழுந்தது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டொன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது.

காயலைப் பற்றி நூற்சான்றுகளுக்குக் குறைவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இத்துறையைக் கண்டு எழுதினார். பாண்டியரின் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் காயல் இருந்ததையும், கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மஅபர் கரைக்கு அனுப்பப்பட்டதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். ஆயினும் இந்நூல்கள் அரசரையும் பெருவணிகரையும் பேசுமளவு, முத்துக்குளித்தவரின் குடிலைப் பற்றியோ அவர் உண்ட கலத்தைப் பற்றியோ பேசுவதில்லை. அவற்றை மண்தான் கூற வேண்டும். 1870களில் பழைய காயலில் ஆராய்ந்த கால்டுவெல், தரையெங்கும் சீனப் பாண்ட ஓடுகள் சிதறிக் கிடக்கக் கண்டார். நூறாண்டுகளுக்குப் பின் நொபுரு கராஷிமா முதலியோரும் இங்கும் பெரியபட்டினத்திலும் அத்தகைய ஓடுகளையே தேடி ஆராய்ந்தனர்.

ஓர் ஓட்டின் மதிப்பு அதன் அழகில் இல்லை. அது கிடந்த அடுக்கிலும் அதனுடன் கிடந்த பொருள்களிலும் உள்ளது. பொக்லைன் இயந்திரம் வாரி எடுத்த பின், அதே ஓடு அருங்காட்சியகம் சென்றாலும் பாதி ஊமையே. ஆதலால்தான் கட்டுமானத்திற்கு முற்பட்ட ஆய்வு வேண்டப்படுகிறது. முதலில் பழைய வரைபடம், பத்திரம், கல்வெட்டு ஆகியன பார்க்கப்படும். பின்னர் நிலத்தை நடந்து அளந்து, ஐயத்திற்குரிய இடங்களில் சிறு சோதனைக் குழிகள் இடப்படும். சான்று கிடைப்பின் முழு அகழாய்வு நடக்கும். அன்றேல் கட்டட வரைபடத்தைச் சற்றே மாற்றி அவ்விடம் மூடிக் காக்கப்படும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் பாதி வழியே வருகின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் அதற்கு வந்த திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெறப் பணிக்கின்றன. பட்டியலில் ஏறாத மண்மேட்டிற்கு இக்காவல் இல்லை. நாகார்ஜுனகொண்டா அணை நீரில் மூழ்குமுன் 1954 முதல் 1960 வரை அகழ்ந்து ஆராயப்பட்டதே. அத்தகைய முயற்சி விதியாகாமல் விலக்காகவே நின்றுவிட்டது. ஐரோப்பிய நாடுகளோ 1992ஆம் ஆண்டு வல்லெட்டா உடன்படிக்கையின் வழியே, ஆய்வின் செலவைக் கட்டுவோரும் ஏற்க வேண்டும் எனக் கொண்டன. இஸ்தான்பூலில் சுரங்க இரயில் நிலையத்திற்காக யெனிகாபியில் 2004இல் தொடங்கிய அகழ்வு, பைசாந்தியத் துறைமுகமொன்றையும் 37 கப்பல்களின் எச்சங்களையும் வெளிக்கொணர்ந்தது. இரயில் பாதை ஆண்டுக்கணக்கில் தாமதமுற்றது உண்மையே. எனினும் 2013இல் இரயில் ஓடியது, கப்பல்களும் அழியவில்லை.

அரசைக் குறை கூறுவது எளிது. நம் கடற்கரை ஊர்களில் பழம் பள்ளிவாசல்களை விரிவாக்குவோர் நம்மவரே. தொழுவோர் பெருகும்போது இடம் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய கற்றூண்களும் மீஸான் கற்களும் இடிபாடுகளோடு அள்ளப்படுமுன், ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் குறித்து நிழற்படமெடுக்க ஒரு ஜமாஅத்துக்குச் சில நாள்களே போதும். எழுத்துள்ள கல்லாயின் படியெடுத்தல் வேண்டும். அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் தனிக் கிளை நாகபுரியில் இயங்குகின்றது.