பறிக்காதீர்கள், தோண்டுங்கள்

இடியும் மழையுமாய் ஓர் இரவு கழிந்தால், திருவண்ணாமலைப் பக்கம் மறுநாள் காலையில் கரையான் புற்றைச் சுற்றிவந்து பார்ப்பவர்கள் உண்டு. ஜவ்வாது மலையானாலும் சமவெளிக் கரம்பானாலும் தேடுவது புற்றுக்காளானைத்தான். கறிக்கு ஈடான ருசி அதற்கு.

இந்தக் காளானை வளர்ப்பதே கரையான்தான். காய்ந்த மரத்தையும் சருகையும் தின்று, அந்த எச்சத்தால் மண்ணுக்கடியில் அடை கட்டுகிறது. அடையில் படரும் பூஞ்சை கடின நாரைச் சிதைத்துக் கரையானுக்கு உணவாக்குகிறது. மழை இறங்கியதும் அந்த அடையிலிருந்தே காளான் கிளம்புகிறது. அதனால் பெரிய வகைகளின் தண்டு தரையோடு முடியாது. வேர்போல் மெலிந்து அடைவரை இறங்கும். மண்ணைத் துளைத்து வருவதால் குடையின் நடுவில் தடித்த கூர்முனையும் இருக்கும்.

ஆனால் எல்லாக் காளானும் நல்லதல்ல. புல்தரையில் முளைக்கும் 'குளோரோபில்லம் மாலிப்டைட்டஸ்' என்ற நச்சுக்காளான் பார்வைக்கு வெள்ளையாய், பழுப்புச் செதிலோடு அழகாகவே இருக்கும். இளசில் குடையின் அடிமடல்களும் வெள்ளைதான். முற்றினால் பச்சை படரும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிவிடும். சந்தேகமிருந்தால் விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி இரவு முழுக்க வையுங்கள். உதிரும் வித்துத்தூள் பச்சையாக இருந்தால் அது விஷம். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது.

குளோரோபில்லத்தைவிடக் கொடியவை அமனிடா என்ற காளான் பேரினத்தின் கொல்லும் வகைகள். அவற்றின் தண்டடியில் பை போன்ற உறை இருக்கும். மேலாகக் கிள்ளினால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் அதோடு போய்விடும். அதனால்தான் அடிவரை தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன். உறை இல்லாததாலேயே நல்ல காளான் என்றும் ஆகிவிடாது.

வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது, பூண்டும் மஞ்சளும் விஷத்தை முறிக்கும் என்பதெல்லாம் உயிரோடு விளையாடும் பேச்சு. அமனிடாவின் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்ற 13 பேர் இறந்தார்கள்.

அமனிடாவின் நஞ்சு உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்தே வாந்தி தொடங்கும். ஒரு நாளில் நின்று, தேறியதுபோலத் தோன்றும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வாந்தி நின்றாலும் வீட்டில் இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மிச்சமுள்ள காளானையும் குழம்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே குழம்பைத் தின்ற எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.