கோழியும் தீனித் தொட்டியும்

கோழி வளர்ப்போர் பலர். கோழியின் இயல்பை உற்றுநோக்குவோர் சிலரே. விடியற்காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் கோழி முதலிற் செய்வது யாது? இரு கால்களாலும் நிலத்தைக் கிளறிப் பின்னே தள்ளுகின்றது; ஓரடி பின்வாங்குகின்றது; குனிந்து நோக்கிக் கண்ணிற் பட்டதைக் கொத்துகின்றது. இச்செயலுக்குக் கிளைத்தல் என்பது பழந்தமிழ்ப் பெயர். குப்பையில் நின்று பொருகின்ற கோழிகளை உவமை கூறியமையால், குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக் கோழியார் என்றே வழங்கப்பெற்றார். இவ்வாறு குப்பையைக் கிளைத்து உண்டு பழகிய பறவையை நாம் கம்பிவலைக்குள் அடைத்து, அதன் முன்னே தட்டில் தீனி வைக்கின்றோம். அது தட்டையும் ஒரு குப்பைமேடாகவே கருதுகின்றது. தீனி வீணாவதற்கு மூலகாரணம் இதுவே.

எங்கள் தெருவில் அம்மையார் ஒருவர் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்து வருகின்றார். அவர் வீட்டின் பின்புறத்தே சிறு கூண்டமைத்துப் பத்துக் கோழிகளை வளர்த்தார். முட்டை விற்ற பணம் மகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் அவர் என்னிடம், "ஐயா, இக்கோழிகளை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். முட்டைக் காசு தீனி மூட்டைக்கே சரியாகப் போய்விடுகிறது" என்று வருந்திக் கூறினார்.

யான் இலக்கணம் கற்பித்தவன். கணக்கு எனக்கு அத்துணை வருவதன்று. எனினும் இக்கணக்கு எளிது. முட்டையிடும் கோழி ஒன்று நாள்தோறும் 100 முதல் 120 கிராம் வரை தீனி உண்ணும். 110 கிராம் எனக் கொண்டால், பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ 100 கிராம் வேண்டும். 50 கிலோ மூட்டை 45 நாள் வருதல் வேண்டும். அம்மையாரின் மூட்டையோ முப்பதாம் நாளே தீர்ந்தது. ஆகவே, 17 கிலோ தீனி கோழியின் வயிற்றுக்குட் செல்லவில்லை. கோழி வளர்ப்பின் செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு தீனிக்கே ஆகின்றது. அதனுள் மூன்றில் ஒரு பங்கு மண்ணிற் போனால் ஊதியம் எங்ஙனம் கிட்டும்?

மறுநாட் காலை அக்கூண்டின் அருகே அரைமணி நேரம் நின்று பார்த்தேன். தரையில் அகன்ற தாம்பாளம் ஒன்றில் தீனி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஒரு கோழி அதனுள் ஏறி நின்று காலாற் பறித்தது. மற்றொன்று அலகை இடமும் வலமும் வீசித் தூளைத் தள்ளிவிட்டுச் சோளக் குருணையை மட்டும் பொறுக்கியது. கோழிக்குப் பல் இல்லை. அலகாற் கவ்வ எளிதான பருமணிகளையே அது முதலில் நாடும். தாம்பாளத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தவிடு பரப்பியது போலக் கிடந்தது. அதன் ஓரத்தில் எலிப் புழுக்கைகளும் காணப்பட்டன. எலி ஒன்று ஓர் இரவில் 20 முதல் 30 கிராம் வரை தின்னும். நான்கு எலிகள் சேர்ந்தால் ஒரு கோழியின் தீனி தீர்ந்துபோம்.

"சிந்தியதைக் கோழியே பிறகு பொறுக்கிவிடாதோ?" என்று நீங்கள் வினவலாம். விரிந்த முற்றத்தில் திரியும் கோழிக்கு அது பொருந்தும். சிறு கூண்டிலோ சிந்திய தீனி எச்சத்தோடு கலக்கின்றது. இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் எச்சத்தின் வழியே வெளிப்பட்டு, ஈரமுள்ள தரையிலே வலிமை பெறுபவை. அத்தரையிற் கிடப்பதை உண்ணும் குஞ்சுகள் மடியும். ஈரம் பட்ட தீனியில் பூஞ்சணமும் தோன்றும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, அவை உண்ட கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அந்நஞ்சே அஃப்ளாடாக்சின் எனப்படுவது. நம் நாட்டுக் கோழித் தீனியிலும் கடலைப் பிண்ணாக்குச் சேர்வதுண்டு. ஆதலின், சிந்திய தீனி இழப்பு மட்டுமன்று. சிற்சில வேளைகளில் நஞ்சுமாம்.

இனி, தொட்டி எவ்வாறு அமைதல் வேண்டும் என்று காண்போம். அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்ந்திருத்தல் முதற்கண் வேண்டுவது. அவ்வுயரத்தில் தொங்கவிட்டால், கோழி கழுத்தை நீட்டி உண்ணுமேயன்றிக் காலை உள்ளே வைக்க இயலாது. குஞ்சு வளர வளரக் கயிற்றைச் சுருக்கித் தொட்டியை உயர்த்துதல் வேண்டும். விளிம்பு சிறிது உட்புறமாக மடிந்திருப்பின், அலகால் வீசிய தீனி அதில் தட்டுண்டு மீண்டும் தொட்டியிலேயே விழும்.

எவ்வளவு நிரப்புவது என்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நீள்தொட்டியை முழுதும் நிரப்பினால் நூற்றுக்கு 30 பங்கு சிந்தும், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 10, பாதியானால் 3, மூன்றில் ஒரு பங்கேயானால் 1 என்று கோழி வளர்ப்பு நூல்கள் கணக்கிடுகின்றன. தொட்டிக்குச் செலவிடாமலே, கையளவைக் குறைத்து மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இது.

பகல் முழுதும் வீட்டில் இருப்போர்க்கு மூங்கில் தொட்டியே போதும். பருத்த மூங்கிலை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, இரு முனைகளிலும் கணுவை விட்டு வைத்தால் அடைப்புத் தேவையில்லை. கோழி ஒன்றுக்கு 10 செண்டிமீட்டர் நீளம் வேண்டும். இருபுறமும் நின்று உண்பதானால் பத்துக் கோழிகளுக்கு அரை மீட்டர் அமையும். தொட்டியின் மேலே தானே உருளும்படி ஒரு கோலைப் பொருத்திவிட்டால், ஏறி அமர முயலும் கோழி கால் வழுக்கி இறங்கிவிடும். அதனால் எச்சம் தீனியில் விழாது. ஆனால் இத்தொட்டியில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தீனி இடுதல் வேண்டும்.

தையற்கடைக்குச் செல்லும் அம்மையாருக்கு அஃது இயலாது. ஆகவே, அவர் வீட்டிலிருந்த சமையல் எண்ணெய் வாளியொன்றைக் கொண்டு வேறொரு தொட்டி செய்தோம். வாளியின் அடியோரத்தைச் சுற்றி நான்கு விரல் அகலமுள்ள துளைகள் ஐந்து இட்டு, 35 செண்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டின் நடுவே அதனைப் பொருத்தினோம். மேலே எவ்வளவு தீனி இருப்பினும், கோழி உண்ண உண்ணச் சிறிது சிறிதாகவே தட்டில் இறங்கும். முதல் நாள் தூள் தீனி வாளியினுள் கட்டிப்பட்டு இறங்காமல் நின்றது. கோழிகள் வெறுந்தட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. பின்னர்த் தகரத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதன் கூர் மேல்நோக்க வாளியின் அடியில் வைத்தோம்; தீனி அதன் சரிவிலே வழிந்து துளைகளை அடைந்தது. வாளிக்கு ஒரு மூடியும், மேலே மழைச்சாரல் படாதபடி ஓர் ஓலைத் தட்டியும் போட்டோம். மாலையில் வாளியைக் கழற்றி வீட்டினுள் வைத்தமையால் இரவில் எலிக்கு விருந்தில்லை.

கோழி பலகையின்மீது ஏறினால் மூடி திறக்கும் மிதிபலகைத் தொட்டியும் உண்டு. காக்கை, குருவி, எலி முதலியன மிதித்தால் அது திறவாது. நல்ல கருவிதான், எனினும் எடை குறைந்த குஞ்சுகளுக்கு அஃது உதவாது. பழகாத கோழி மூடியின் அசைவைக் கண்டு மருண்டு பட்டினி கிடப்பதும் உண்டு. முதற் சில நாள் பலகையின்மேல் கல்லை வைத்து மூடியை முழுதும் திறந்தும், பின்னர்ப் பாதி திறந்தும் பழக்குதல் வேண்டும். விலையும் மிகுதி. பத்துக் கோழிக்கு வாளியே சாலும் என்பது என் கருத்து.

அம்மையார் கோழிகளை விற்கவில்லை. அடுத்த மூட்டை வாங்கிய நாளைச் சுவரிற் கரியால் எழுதி வைத்தார். அம்மூட்டை 42-ஆம் நாள் தீர்ந்தது. எஞ்சிய மூன்று நாள் தீனி எங்கே சென்றது என்று தேடியபோது, மூட்டையின் அடிப்புறத்தில் எலி கடித்த துளை ஒன்று காணப்பட்டது. இப்பொழுது தீனி மூடியுள்ள தகரப் பீப்பாயில் இருக்கின்றது.