ப்ளூ டிக் வந்தும் ரிப்ளை வரலையா? உங்க படபடப்புக்குப் பின்னால இருக்கு லட்சம் வருஷக் கதை!

ராத்திரி 11 மணி. மெசேஜ் அனுப்பி அரை மணி நேரம் ஆச்சு. ப்ளூ டிக் இருக்கு, பதில் இல்லை. நெஞ்சு படபடக்குது. 'சின்ன விஷயத்துக்குப் போய் ஏன் இப்படி ஆகுறேன்?' என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா? டார்வினுக்கே இந்த நிலைமைதான் பாஸ்!

லண்டன் மிருகக்காட்சி சாலையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விஷப்பாம்பின் முன் முகத்தைக் கொண்டுபோனார் சார்லஸ் டார்வின். 'அது பாய்ந்தாலும் நகர மாட்டேன்' என்று உறுதியோடு நின்றார். பாம்பு பாய்ந்தது. அடுத்த நொடி, மனிதர் எகிறிக் குதித்துப் பின்னால் போய்விட்டார்! உணர்ச்சிகள் பற்றி 1872-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

கண்ணாடி இருப்பது அறிவுக்குத் தெரியும். ஆனால், உயிர் காக்கும் விஷயத்தில் அறிவு யோசித்து முடிக்கும்வரை உடம்பு காத்திருக்காது. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ஓடுவதற்குத் தசைகள் தயாராகும். இதுதான் பயம். கெட்டுப்போன குழம்பின் வாடைக்கு முகம் சுளிக்கிறோமே, அந்த அருவருப்பு கிருமிகளிடமிருந்து நம்மைத் தள்ளி வைக்கிறது. குற்ற உணர்ச்சி, முறிந்த உறவை ஒட்டவைக்கத் தூண்டுகிறது.

சரி, தேவையில்லாமலும் ஏன் பயம் வருது?

அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி, இதைப் புகை அலாரத்தோடு ஒப்பிடுகிறார். புதரில் ஏதோ சலசலப்பு. அது வெறும் காற்று என்றால், ஓடியவருக்கு மூச்சு வாங்கியதுதான் நஷ்டம். சிங்கமாக இருந்தால், ஓடாதவருக்கு உயிரே நஷ்டம். அதனால், நூறு முறை சும்மா அடித்தாலும் பரவாயில்லை, ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்றே நம் அலாரம் அமைந்திருக்கிறது.

ப்ளூ டிக்கும் அப்படித்தான். ஆதி மனிதர்கள் கூட்டமாகத்தான் பிழைத்தார்கள். ஒதுக்கப்பட்டால் உணவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், கம்ப்யூட்டர் பந்து விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போது தூண்டப்பட்டிருந்தது. 'கண்டுக்கவே இல்லை' என்பது நிஜமாகவே வலிக்கும்!

அதனால், படபடப்பு வந்தால் உங்களைத் திட்டாதீர்கள். 'இது சிங்கமா, காத்தா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அலாரம் தினமும் அடித்துத் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அந்த ரிப்ளையா? அவங்க தூங்கியிருப்பாங்க. நீங்களும் தூங்குங்க!