பட்டனை அழுத்து, விரலை எடு!

உங்களுக்கு மாதிரி ரயில் பிடிக்குமா? மேசை முழுவதும் தண்டவாளம் போட்டு, நடுவில் நிலையம், பாலம், குகை எல்லாம் வைத்து ஓட்டுவார்களே, அந்த ரயில்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 'மினியேச்சர் வொண்டர்லேண்ட்' என்ற காட்சியகம் இருக்கிறது. அதை 2001-ஆம் ஆண்டு திறந்தார்கள். அங்கே ஓடும் ரயில்கள் உண்மையான ரயிலைவிட 87 மடங்கு சிறியவை. சிலர் வீட்டிலேயே சின்ன அளவில் இப்படி ஓர் ஊரைக் கட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள். நீங்களும் அப்பாவும் ரயில் ஓட்டுகிறீர்கள். சரக்கு ரயில் வருகிறது. அது நேராகப் போகாமல் பக்கத்துத் தடத்தில் திரும்ப வேண்டும். நீங்கள் சிவப்புப் பட்டனை அழுத்துகிறீர்கள். 'டக்' என்று சத்தம் கேட்கிறது. தடம் மாறிவிட்டது. ஆனால், கடைசிப் பெட்டி திரும்பும் வரை நீங்கள் விரலை எடுக்கவே இல்லை.

"அப்பா, ஏதோ கருகுற வாசனை வருது!"

"முதல்ல பட்டன்ல இருந்து கையை எடு!"

அப்பா ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுகிறார்.

"நான் எதையும் உடைக்கலையே அப்பா. பட்டனைத்தானே அழுத்தினேன்?"

"அழுத்தினது சரிதான் கண்ணு. விடாம அழுத்தினதுதான் தப்பு."

ஏன் அது தப்பு? வாருங்கள், மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்போம்.

தடம் எப்படி மாறுகிறது?

ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை ரயில்வேக்காரர்கள் 'பாயிண்ட்' என்று சொல்வார்கள். அங்கே நுனி மெலிந்த இரண்டு தண்டவாளத் துண்டுகள் இருக்கும். அவை கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தால் ரயில் ஒரு வழியில் போகும். வலதுபக்கம் நகர்ந்தால் இன்னொரு வழியில் போகும். முன்பு ஆட்கள் பெரிய நெம்புகோலை இழுத்து இந்தத் துண்டுகளை நகர்த்தினார்கள். இப்போது பல இடங்களில் மோட்டார் நகர்த்துகிறது.

மாதிரி ரயிலில் இந்த வேலையைப் பெரும்பாலும் மின்காந்தம் செய்கிறது. மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு சுருள் செய்வார்கள். அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தம் ஆகிவிடும். மின்சாரம் நின்றால் காந்தமும் போய்விடும். பாயிண்டுக்கு அடியில் இப்படி இரண்டு சுருள்கள் இருக்கும். அவற்றின் நடுவே ஒரு சின்ன இரும்புத் தண்டு இருக்கும். ஒரு சுருள் தண்டைத் தன் பக்கம் இழுக்கும். மற்றொரு சுருள் எதிர்ப்பக்கம் இழுக்கும். தண்டு நகரும்போது தண்டவாளத் துண்டுகளும் சேர்ந்து நகரும். நீங்கள் கேட்ட 'டக்' சத்தம் அதுதான்.

அந்தச் சத்தம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது. தண்டு அந்த இடத்திலேயே நிற்கும். அதற்குப் பிறகு சுருளுக்கு மின்சாரமே வேண்டாம்.

16 வோல்ட் சுடுமா?

"ரயிலுக்கு வர்றது 16 வோல்ட்தானே? அது என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

16 வோல்ட்டைக் காய்ந்த கையால் தொட்டால் பொதுவாக நமக்கு ஷாக் அடிக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்சாரப் பொம்மைகள் 24 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஷாக் அடிக்காத மின்சாரமும் சூடாக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சுருளின் மின்தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 16-ஐ 4-ஆல் வகுத்தால் 4. அதாவது, சுருளில் 4 ஆம்பியர் மின்சாரம் பாயும். 16-ஐ 4-ஆல் பெருக்கினால் 64. ஆகவே அதன் திறன் 64 வாட். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டால் கை சுட்டுவிடும். அதைவிடக் கொஞ்சம் அதிகமான திறன், விரல் நுனி அளவுள்ள ஒரு சுருளுக்குள் போகிறது!

ஒரு வாட் என்றால் ஒரு நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல். நீங்கள் கால் நொடி அழுத்தினால் சுருளுக்குள் போவது 16 ஜூல். அந்தச் சூடு சீக்கிரம் ஆறிவிடும். பத்து நொடி அழுத்தினால் 640 ஜூல். அதாவது 40 மடங்கு! அவ்வளவு சூட்டைச் சின்னச் சுருள் தாங்காது.

செம்புக் கம்பியின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒட்டாமல் காப்பது அந்தப் பூச்சுதான். சூடு அதிகமானால் பூச்சு கருகும். அப்போது கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மின்தடை குறையும். இன்னும் அதிக மின்சாரம் பாயும். சுருள் இன்னும் சூடாகும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உருகும். மாதிரி ஊரில் காகிதம், பஞ்சு, மரத்தூள் எல்லாம் இருக்கும் இல்லையா? அவை தீப்பிடிக்கவும் கூடும்.

வாளி செய்யும் காவல்

பட்டன் சில சமயம் தானாகவே சிக்கிக்கொள்ளும். நாமும் மறந்துபோய் விரலை வைத்துவிடுவோம். அதற்காக ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் மின்தேக்கி என்ற ஒரு பாகம் வேலை செய்கிறது.

குழாயில் மெல்லியதாகத் தண்ணீர் வருகிறது. அடியில் ஒரு வாளி. வாளி மெதுவாக நிரம்புகிறது. அதை ஒரே ஊற்றாக 'சளார்' என்று ஊற்றலாம். ஊற்றிய பிறகு வாளி காலி. திரும்ப நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். மின்தேக்கியும் அப்படித்தான். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். பட்டனை அழுத்தியதும் முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்துவிடும். பாயிண்ட் பலமாக 'டக்' என்று மாறும். அதன் பிறகும் நீங்கள் விரலை எடுக்கவில்லை என்றால், சுருளைக் கருக்கும் அளவு மின்சாரம் அங்கே இருக்காது. சுருள் தப்பித்துவிடும்.

வேறு சில பாயிண்டுகளில், தண்டு நகர்ந்து முடிந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் சுவிட்ச் உள்ளேயே இருக்கும். இந்த இரண்டும் இல்லாத பாயிண்டுக்கு உங்கள் விரல்தான் காவல்.

இன்னொன்றும் முக்கியம். அறை விளக்குக்குப் போடும் சுவிட்சை இந்த வகைப் பாயிண்டுக்குப் போடக்கூடாது. அதைப் போட்டால், நாமாக நிறுத்தும் வரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விரலை எடுத்ததும் தானாக நிற்கிற அழுத்துபட்டன்தான் சரி.

சுவரில் இருப்பது வேறு மின்சாரம்

ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

1920-களில் சில பொம்மை ரயில்கள், நடுவில் ஒரு பல்பை மட்டும் வைத்து, சுவர் மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கே எடுத்தன. நினைத்தாலே பயமாக இருக்கிறது, இல்லையா? 1926-இல் மேர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனம் 20 வோல்ட்டில் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தது. சுவர் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது மின்மாற்றி. நாம் பேச்சில் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்று சொல்வோம். மாதிரி ரயிலை நம் கைக்குப் பாதுகாப்பாக மாற்றுவது இந்தப் பெட்டிதான். அதனால் அதை ஒருநாளும் திறக்கக்கூடாது.

இரும்பும் செம்புக் கம்பியும் கொண்ட பழைய வகை மின்மாற்றியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அது 230-ஐ 16 ஆக்கும். ஆனால் பின்பக்கமாக 16-ஐக் கொடுத்தால் அதை 230 பக்கமாக உயர்த்தியும் விடும்! ஒரே ரயில் பாதையில் இரண்டு மின்மாற்றிகளைச் சேர்த்து இணைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்றின் பிளக்கை மட்டும் சுவரிலிருந்து கழற்றுகிறீர்கள். மற்றது இன்னும் ஓடுகிறது. அதன் மின்சாரம் தண்டவாளம் வழியாக முதல் மின்மாற்றிக்குள் பின்பக்கமாக நுழையலாம். அப்போது உங்கள் கையில் இருக்கும் பிளக்கின் ஊசிகளிலேயே ஷாக் அடிக்கும்!

"கழட்டின பிளக்தானே, என்ன ஆகும்?" என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். இரண்டு மின்மாற்றிகள் இருந்தால் இரண்டையும் சுவிட்ச் உள்ள ஒரே பிளக் பலகையில் செருகி, ஒன்றாகவே அணைக்க வேண்டும். ஒரே பாதைக்கு இரண்டையும் சேர்த்து இணைக்கவும் கூடாது.

நினைவில் வையுங்கள்

• 'டக்' சத்தம் கேட்டதும் விரலை எடுங்கள்.
• பாயிண்ட் மாறவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெரியவரைக் கூப்பிடுங்கள்.
• கருகும் வாசனை வந்தால் முதலில் விரலை எடுங்கள். உடனே சுவரில் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். சுருளைத் தொடாதீர்கள், சுடும்.
• வயரை இணைப்பதற்கு முன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றியாயிற்றா என்று பாருங்கள்.
• வயர் கிழிந்த, பெட்டி உடைந்த பழைய மின்மாற்றி வேண்டவே வேண்டாம்.
• ஈரக் கையோடு ரயில் மேசைக்கு வராதீர்கள்.
• விளையாடி முடித்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அறையை விட்டுப் போக வேண்டும்.

அடுத்த விடுமுறையில் சரக்கு ரயில் மறுபடியும் வரும். பட்டனை அழுத்துங்கள். 'டக்'! விரலை எடுங்கள். இப்போது ரயில் திரும்புவதை நிம்மதியாகப் பாருங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. 'டக்' சத்தம் வந்த பிறகு சுருளுக்கு ஏன் மின்சாரம் தேவையில்லை?
2. பட்டனை ஐந்து நொடி அழுத்தினால், பாடத்தில் உள்ள சுருளுக்குள் எத்தனை ஜூல் ஆற்றல் போகும்?
3. மின்தேக்கியை ஏன் வாளியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்?
4. உங்கள் தம்பி கழற்றிய பிளக்கைக் கையில் எடுக்கப் போகிறான். இரண்டாவது மின்மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அவனிடம் என்ன சொல்வீர்கள்? வீட்டில் பேசுவது போலவே சொல்லிப் பாருங்கள்.